டிஸ்பென்சரிக்கு சொஃப்ட்வெயார் போடுவதென்றால் எந்த மேசையில் தொடங்குவது?

கொட்டாஞ்சேனை_டொக்டர்

மாமாவின் டிஸ்பென்சரி இப்போது என் பொறுப்பில். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு இங்கே. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புளூமெண்டால் பக்கத்து ஆட்கள். ஒரு பின்னேரத்துக்கு அறுபது எழுபது பேர், டெங்கு காலத்தில் அதற்கும் மேல். பார்ப்பதும் மருந்து கொடுப்பதும் ஒரே இடத்தில், ஒரே காசில். துண்டு எழுதி வெளியே அனுப்புவது குறைவு.

மாமா குடும்பத்துக்கு ஒரு அட்டை என்று மரப்பெட்டிகளில் வைத்திருந்தார். அட்டையில் இல்லாததெல்லாம் மருந்து கட்டுகிற அக்காவின் தலைக்குள். யாருக்கு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, யார் காசு பாக்கி, எந்த மருந்து எப்போது முடியும், எல்லாம். அக்கா அடுத்த வருடம் மகளோடு நீர்கொழும்புக்குப் போகப் போகிறா. அதனால்தான் இந்த அவசரம்.

இரண்டு இடத்தில் விலை கேட்டேன். ஒன்று மாதக் கட்டணம், தரவு அவர்களுடைய கிளவுட்டில். மற்றது ஒருமுறை காசு, தரவு இங்கேயுள்ள கொம்பியூட்டரில். இரண்டு பேரும் முதலில் காட்டியது டொக்டரின் திரையைத்தான். ஒன்றில் மனித உடம்புப் படம் வருகிறது, வலிக்கிற இடத்தை அமத்தினால் சிவப்பாகிறது. நான் கேட்டது ஒரே கேள்வி: ஆயிரம் பரசிட்டமோல் உள்ள போத்தலிலிருந்து 12 குளிசை எடுத்து உறையில் போட்டால் உங்கள் சொஃப்ட்வெயார் அதை எப்படிக் கழிக்கும்? இரண்டு பேரிடமிருந்தும் ஒரே பதில்: "அதைச் செய்து தரலாம் மிஸ்."

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற எனக்குத் தெம்பில்லை. எங்கே தொடங்குவது?

---

வெள்ளவத்தை_ஜீபி

பிள்ளை, அந்த உடம்புப் படத்தை எனக்கும் காட்டினவங்கள். கனகாலமா சொஃப்ட்வெயார் பாவிக்கிறன், ஒருநாளும் அதை அமத்தினதில்லை.

மருந்து மேசையில தொடங்குங்கோ. டொக்டரின்ர மேசை கடைசி.

ஏனெண்டால், விக்கிற சொஃப்ட்வெயாரில அரைவாசிக்கு மேல, டொக்டர் துண்டு எழுதுவார், ஆள் வெளியில போய் வாங்கும் எண்ட நினைப்பில செய்தது. எங்கட டிஸ்பென்சரி அப்பிடியில்லை. எங்கட காசு நிக்கிறது மருந்து அலுமாரியில. திகதி முடிஞ்சு குப்பையில போடுற மருந்து ஒண்டு. முடிஞ்சது தெரியாமல் ராத்திரி ஏழு மணிக்குப் பெடியனை அனுப்பிப் பக்கத்துக் கடையில சில்லறை விலைக்கு வாங்குற மருந்து மற்றது. உங்கட அக்கா இந்த ரெண்டையும் தலைக்குள்ள வச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறா. அவ போனால் முதல் மாசமே தெரியும்.

சொஃப்ட்வெயாரிட்ட நீங்கள் கேக்கவேண்டியது: ஒவ்வொரு மருந்துக்கும் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி பதியேலுமா? முந்தி வாங்கினது முந்திப் போகோணும் எண்டில்லை, முந்திக் காலாவதியாகிறது முந்திப் போகோணும். அதை அது தானாச் சொல்லோணும். போத்தலா வாங்கி, அட்டையா வாங்கி, குளிசையா எண்ணிக் குடுக்கேலுமா? இந்த மாத்தல் இல்லாட்டில் உங்கட இருப்புக் கணக்கு ஒரு கிழமைக்குள்ள பொய்யாப் போகும், பிறகு ஒருத்தரும் அதை நம்பப் போறதில்லை.

இன்னொண்டும் இருக்கு. மருந்து மேசையில ஒழுங்காப் பதிஞ்சால் நோயாளியின்ர சரித்திரம் தானாச் சேரும். மூண்டு மாசமா சுகருக்குக் குடுக்கிற மெட்ஃபோமினும் பிரஷருக்குக் குடுக்கிற லொசார்ட்டனும் போயிருக்கெண்டால் என்ன வருத்தமெண்டு ஆரும் எழுதத் தேவையில்லை. நான் ஒரு சொல் டைப் பண்ண முந்தியே பாதிச் சரித்திரம் உள்ளுக்கு வந்திட்டுது.

---

தகவலியல்_எம்ஓ

சேர் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மருந்து மேசைக்கு முன்னால் வாசல் மேசை இருக்கிறது. மருந்து போனது சரி, யாருக்குப் போனது? ஆள் அடையாளம் பிழைத்தால் பிறகு சேருகிற சரித்திரம் முழுக்கப் பிழைதான்.

எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் பதியும்போது ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். சிவகுமார் ஒரு தடவை ஒரு மாதிரி, அடுத்த தடவை இன்னொரு மாதிரி. தகப்பன் பெயர் சிலநேரம் முன்னால், சிலநேரம் பின்னால், சிலநேரம் வெறும் தலையெழுத்து. ஆறு மாதத்தில் ஒரே ஆளுக்கு நான்கு பதிவு வந்துவிடும். ஒன்றில் அலர்ஜி இருக்கும், மற்ற மூன்றிலும் இராது.

போன் நம்பரை அடையாளமாக வைக்காதீர்கள். ஒரு நம்பரில் தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள், ஆத்தை எல்லோரும் வருவார்கள். போன் நம்பர் குடும்பத்தைக் கண்டுபிடிக்க நல்லது. உங்கள் மாமா குடும்பத்துக்கு ஓர் அட்டை வைத்ததும் இதே காரணத்துக்காகத்தான் இருக்கும், அந்த இலக்கத்தைக் கைவிடாமல் அப்படியே உள்ளே கொண்டுபோங்கள். பெரியவர்களுக்கு அடையாள அட்டை இலக்கம், சின்னப் பிள்ளைகளுக்குத் தாயின் இலக்கத்தோடு பிறந்த திகதி. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிற பி.எச்.என். என்ற சுகாதார இலக்கத்துக்கும் ஒரு வெற்றுக் கட்டம் விட்டுவையுங்கள். இப்போதைக்கு நிரப்பாவிட்டாலும் பரவாயில்லை.

அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டால் பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. நல்ல சொஃப்ட்வெயார் அதைத் தானே எடுத்துக்கொள்ளும், வாசலில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு கட்டம் மிச்சம்.

---

தெஹிவளை_கோடர்

அதை "தானே எடுக்கிற" இடத்தில்தான் கன பேர் வழுக்குகிறார்கள். கொம்பனிக்காரர் வந்தால் இந்தச் சோதனையை வையுங்கள்.

பழைய அடையாள அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள். பெண்களென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 2016இலிருந்து வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம், முதல் நான்கும் வருடம், மற்றது அதே கதை.

பொறி எங்கே என்றால், அந்த நாள் கணக்கு எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே எடுக்கிறது. 1985 மார்ச் 5 பிறந்த பெண்ணை எடுங்கள். சனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 5, கூட்டினால் 65, பெண் என்பதால் 565. ஆக அட்டை 85565 என்று தொடங்கும். சாதாரண கலண்டர்படி எண்ணுகிற புரோகிராம் 65ஆவது நாளை மார்ச் 6 என்று காட்டும். லீப் இல்லாத வருடங்களில் மார்ச் முதலாம் திகதியும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லோருக்கும் ஒரு நாள் பிழை. உங்கள் சொந்த அட்டையையே போட்டுப் பாருங்கள். பிழையாக வந்தால் அவர்கள் இந்த நாட்டில் ஒரு கிளினிக்கிலும் இருந்து பார்க்கவில்லை என்று அர்த்தம்.

பழைய இலக்கத்தையும் புதிய இலக்கத்தையும் ஒரே ஆளாக அடையாளம் காண்கிறதா என்றும் பாருங்கள். பழையதைப் புதியதாக மாற்றுவது லேசு: முன்னால் 19, நாளுக்குப் பின்னால் ஒரு பூச்சியம், எழுத்தை விட்டுவிட வேண்டும். இது செய்யாவிட்டால் அட்டை மாற்றிய எல்லோரும் புது நோயாளிதான்.

---

மருதானை_நானா

நான் டொக்டர் இல்ல, டிஸ்பென்சரில மருந்து கட்டுற ஆள், அதுக்கு முந்தி பார்மசில நிண்டேன். எங்கட பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை.

மருந்த பேரு போட்டுப் பதியச் சொன்னா ரெண்டு பேரு வேணும். உள்ளுக்கு இருக்கிற மருந்தோட பேரு ஒண்டு, பெட்டில இருக்கிற கொம்பனிப் பேரு ஒண்டு. 2022ல மருந்துத் தட்டுப்பாடு வந்த நேரம் ஒவ்வொரு தடவையும் வேற கொம்பனி, வேற நிறம், வேற பெட்டி. கொம்பனிப் பேர்ல மட்டும் பதிஞ்சு வெச்ச இடங்கள்ல ஒரே மருந்து ஏழெட்டு வரியாப் போச்சு. "லொசார்ட்டன் எவ்வளவு இரிக்கி" எண்டு கேட்டா சொல்ல ஏலாது.

அடுத்தது லேபல். உறையில பேனையால 1-0-1 எழுதுறதுக்குப் பதிலா சின்ன தேர்மல் பிரிண்டர் போட்டா நோயாளிக்கு அதுதான் பெரிய வித்தியாசம். அவங்க மொழில வரணும். "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பிறகு." தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணும், ஆளுக்கு ஏத்த மாதிரி. டெமோ காட்ட வாறவங்க இங்கிலீஷ்லதான் அடிச்சுக் காட்டுவாங்க. அங்கயே நிண்டு "தமிழ்ல ஒண்டு அடிங்க" எண்டு சொல்லுங்க. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா வந்தா அந்த பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது. படமா அனுப்பி அடிக்கிற மாதிரி செஞ்சா சரியா வரும், அவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கணும்.

---

தெஹிவளை_கோடர்

நானா சொன்னது நூற்றுக்கு நூறு. இதோடு பாமினியையும் சேருங்கள். பழைய ஆட்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் டைப் பண்ணுகிறார்கள். அது திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. தேட ஏலாது, எஸ்.எம்.எஸ். அனுப்பினால் குப்பையாகப் போகும். எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யுனிகோட் தவிர வேறெதுவும் உள்ளே வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எஸ்.எம்.எஸ். என்றதும் ஞாபகம் வந்தது. இங்கிலீஷில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ், சிங்களம் என்றால் 70தான். அதிலும் "கு" இரண்டு இடம், "ம்" இரண்டு இடம். "உங்கள் இலக்கம் 24. இரவு 7.30க்கு வரவும்." இது 40 இடம், ஒரு செய்திக்குள் அடங்கும். டிஸ்பென்சரியின் முழுப்பெயர், விலாசம், "தயவுசெய்து நேரத்துக்கு சமுகமளிக்கவும்" எல்லாம் சேர்த்தால் மூன்று செய்திக் காசு போகும்.

---

பம்பலப்பிட்டி_அம்மா

நோயாளிகளும் எழுதலாம்தானே?

நான் பிரஷருக்கு மாதாமாதம் ஒரு இடத்துக்குப் போகிறேன், பெயர் வேண்டாம். ஒன்லைனில் சனல் பண்ணினால் இலக்கமும் நேரமும் வருகிறது. 32, மாலை 6.10 என்று போட்டிருக்கும். டொக்டர் வருவதே ஏழேகாலுக்கு. 6.10 என்ற கணக்கை யார் போட்டது? முதல் ஆளை ஐந்து மணிக்கு எடுத்திருந்தால், ஆளுக்கு இத்தனை நிமிடம் என்று பெருக்கிப் போட்டிருக்கிறது. டொக்டர் இன்னும் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது.

எங்களுக்கு வேண்டியது பெரிய விஷயம் இல்லை. இப்போது எத்தனையாம் இலக்கம் போகிறது என்று வீட்டிலிருந்தே தெரிந்தால் போதும்.

---

கொட்டாஞ்சேனை_டொக்டர்

அம்மா, இது எங்களுக்கும் பிரச்சினைதான். வாசலில் சனம் நெருக்கினால் உள்ளே பார்க்கிற எனக்கும் அவசரம் தொற்றிக்கொள்கிறது.

கோடர் தம்பி, சொந்தமாகச் செய்ய ஏலுமா, அல்லது டொக்டருக்கு இலக்கம் பதிகிற ஈ-சனலிங், டொக்990 மாதிரி இடங்களில் சேர்வதா?

---

தெஹிவளை_கோடர்

அவை இரண்டும் ஸ்பெஷலிஸ்ட் டொக்டரைத் தேடிப் பிடிப்பவர்களுக்கு நல்லது. முன்னது மொபிட்டெல், பின்னது டயலொக், போனிலேயே பதியலாம். உங்களிடம் வருகிறவர்கள் தேடி வருகிறவர்கள் இல்லை மிஸ், பக்கத்துத் தெருக்காரர். அவர்களுக்கு "இப்போது 18 போகிறது" என்று காட்டுகிற ஒரு சின்னப் பக்கம் போதும். வாசல் மேசையில் "அடுத்தது" பொத்தானை அமத்தினால் அது மாறும், உள்ளே சுவரில் ஒரு பழைய ரீவியிலும் அதே இலக்கம் தெரியும். நேரம் போடவே வேண்டாம், இலக்கம் மட்டும். ரீவியில் பெயரைப் போடாதீர்கள்.

---

மட்டக்குளி_பழசு

நாற்பது வருடப் பிராக்டிஸ். கடதாசி ஹேங் ஆகாது, அப்டேட் கேட்காது, பாஸ்வேர்ட் மறக்காது. திரையைப் பார்த்துக்கொண்டு பேசுகிற டொக்டரிடம் நோயாளி வாய் திறக்கமாட்டார். கையைப் பிடித்து நாடி பார்க்கும்போதுதான் "டொக்டர், இன்னொரு விஷயம்" என்று உண்மையான வருத்தம் வெளியே வரும்.

---

வெல்லம்பிட்டி_சந்தி

2016 மே வெள்ளம் எங்கட டிஸ்பென்சரியில் இடுப்பளவு நின்றது சேர். கடதாசி ஹேங் ஆகாது, ஊறும்.

---

வெள்ளவத்தை_ஜீபி

மட்டக்குளி அண்ணை சொல்லுற ரெண்டாவது விசயம் முழுக்கச் சரி. அதாலதான் டொக்டரின்ர மேசை கடைசி எண்டு நான் சொன்னது. நான் இப்பவும் பேனையாலதான் எழுதுறன். ஆள் எழும்பிப் போகேக்க மூண்டு விசயம் மட்டும் திரையில: ஒத்துக்கொள்ளாத மருந்து, நீண்டகால வருத்தம், நீண்டகால மருந்து. இந்த மூண்டும் அடுத்த முறை பெயரைத் திறந்த உடன மேல தெரியோணும். மிச்சம் தாளில இருக்கட்டும். மாசக் கடைசியில வாசல்ப் பிள்ளை தாளைப் படம் எடுத்து அந்த ஆளின்ர பதிவோட சேர்க்கும்.

பிள்ளை, பெட்டியில கிடக்கிற பழைய அட்டை எல்லாத்தையும் டைப் பண்ண ஆள் பிடிக்காதேங்கோ. கொம்பனிக்காரர் அதுக்குத் தனி விலை சொல்லுவாங்கள். வாற ஆளின்ர அட்டையை வாற அண்டைக்கு ஏத்தினால் காணும். ஒரு வருசத்துக்குள்ள உயிருள்ள அட்டையெல்லாம் உள்ளுக்கு வந்திடும், மிச்சம் இடம்பெயர்ந்தவை, வெளிநாடு போனவை, செத்தவை.

அக்கா போக முந்தி அவவின்ர தலைக்குள்ள இருக்கிற அலர்ஜிப் பட்டியலை மட்டும் இருந்து எழுதி எடுங்கோ. அது எந்தக் கொம்பனியிட்டையும் வாங்கேலாது.

---

தகவலியல்_எம்ஓ

மூன்று வரியோடு சில இலக்கங்களையும் கட்டாயம் இலக்கமாகவே பதியச் சொல்வேன். பிரஷர், நிறை, பாஸ்டிங் சுகர், மூன்று மாத சுகரைக் காட்டுகிற எச்.பி.ஏ1சி, சிறுநீரகத்தைக் காட்டுகிற கிரியாட்டினின். லாப் ரிப்போர்ட் இப்போதெல்லாம் வட்ஸ்அப்பில் பி.டி.எஃப். ஆக வருகிறது, அதைப் பதிவோடு ஒட்டி வைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பி.டி.எஃப். வரைபடம் போடாது. மூன்று வருடத்தில் சிறுநீரகம் மெல்ல மெல்ல இறங்குவதை ஒரு கோட்டில் பார்ப்பதும் பன்னிரண்டு கோப்பைத் திறந்து பார்ப்பதும் ஒன்றா?

அங்கே ஒரு கண்ணி. கிரியாட்டினினை ஒரு லாப் 1.1 என்று தரும், இன்னொரு லாப் 97 என்று தரும். இரண்டும் ஒன்றுதான்: முன்னது டெசிலீற்றருக்கு மில்லிகிராம், பின்னது லீற்றருக்கு மைக்ரோமோல், 88.4ஆல் பெருக்கினால் சரி. அலகைக் கேட்காமல் இலக்கத்தை மட்டும் வாங்குகிற சொஃப்ட்வெயார், வரைபடத்தில் அந்த நோயாளியை ஒரே கிழமையில் டயலிசிசுக்கு அனுப்பிவிடும்.

டெங்குவுக்கும் இது உதவும். காய்ச்சல் என்று பதிந்த ஆளுக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாதிரி மருந்து எடுத்தால் திரை நிறுத்திக் கேட்க வேண்டும், இரத்தக் கசிவு ஆபத்து தெரிந்ததுதானே. இரத்தப் பரிசோதனையில் வருகிற பிளேட்லெட்டும் இரத்தச் செறிவைக் காட்டுகிற எச்.சி.ரீ.யும் நாள்வாரியாக ஒரே வரியில் வந்தால் இரவு ஒன்பது மணிக் களைப்பிலும் கண்ணில் படும். தொற்றுநோய்க்கு அனுப்புகிற எச்544 அறிவித்தல் படிவத்தை அதுவே நிரப்பித் தரட்டும். சந்தேகம் வந்தவுடனேயே எம்.ஓ.எச். என்ற பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், உறுதியாகும் வரை காத்திருப்பதற்கில்லை. பெயர், வயது, விலாசம் மறுபடி எழுத வேண்டுமே என்ற அலுப்பில்தான் தனியார் பக்கம் கன படிவம் போகாமல் நிற்கிறது. 2017இல் 186,000க்கு மேல் நோயாளர் பதிவான வருடத்தில்கூட, எங்கள் எல்லோருடைய மேசையிலும் நிரப்பாத படிவக் கட்டு இருந்தது.

ஆனால் எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் பெட்டி குதித்தால் மூன்றாம் நாள் எல்லோரும் வாசிக்காமல் "சரி" அமத்துவார்கள். அலர்ஜி, காய்ச்சலில் வலி மருந்து, கர்ப்பிணிக்கு ஆகாதவை, இரத்தம் உறையாமல் கொடுக்கிற வார்ஃபரினோடு சேரக்கூடாதவை. இதற்கு மேல் மூடிவிடுங்கள்.

---

கொட்டாஞ்சேனை_டொக்டர்

கிரியாட்டினின் விஷயத்தை நினைத்து இப்போதே இரண்டு அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஆளுக்கு இரண்டு அலகிலும் மாமா எழுதியிருக்கிறார், அலகைக் குறிக்கவில்லை. அவருக்குத் தெரியும், அவரோடு சரி.

அடுத்த கேள்வி: கிளவுட்டா, இங்கேயா?

---

தெஹிவளை_கோடர்

மூன்று விஷயம் பாருங்கள்: கரண்ட், லைன், வெளியேறும் வழி.

கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததென்று முழு நாடும் இருட்டானது. அதைத் திட்டத்தில் போட எந்தக் கொம்பனியாலும் ஏலாது, யூ.பி.எஸ். போடலாம். கொம்பியூட்டரை யூ.பி.எஸ்.ஸில் போட்டுவிட்டு ரவுட்டரை மறந்துவிடுகிறார்கள், பிறகு திரை எரியும், கிளவுட் வராது. ரவுட்டர், லேபல் பிரிண்டர் இரண்டையும் சேருங்கள். லேசர் பிரிண்டரைச் சின்ன யூ.பி.எஸ்.ஸில் கொழுவாதீர்கள், சூடேறும் நேரம் அது இழுக்கிற கரண்டுக்கு யூ.பி.எஸ். படுத்துவிடும். வாசலுக்கு லப்டொப் வாங்கினால் அதுவே பாதி யூ.பி.எஸ்.

லைன். இணையம் அறுந்தாலும் பதியக்கூடியதாக, வந்ததும் தானே சேர்த்துக்கொள்கிறதாக இருந்தால் நல்லது. அது இல்லையென்றால் வேறு கொம்பனி சிம்மோடு ஒரு டொங்கிள்.

இனி வெளியேறும் வழி. இதைக் கேட்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்: "நாளைக்கு நாங்கள் விலகினால் எதைத் தருவீர்கள், எந்த வடிவில், எத்தனை நாளில்?" பதில் ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும்.

---

தெமட்டகொடை_மனேஜர்

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் லொகின் பண்ணினேன். நான் நிர்வாகம் பார்க்கிற மெடிக்கல் சென்டரில் முந்தி மாதக் கட்டணத்தில் ஒரு சொஃப்ட்வெயார், பெயர் சொல்லவில்லை. கட்டணம் இரண்டு மடங்கானது, விலகுகிறோம் என்றோம். "தரவு உங்களுடையதுதான், தாராளமாகத் தருகிறோம்" என்றார்கள். தந்தது ஆளுக்கொரு பி.டி.எஃப்., ஆயிரக்கணக்கில், கோப்பின் பெயரில் அவர்களுடைய உள் இலக்கம் மட்டும். எந்தக் கோப்பு யாருடையது என்று அறியத் திறந்து பார்க்க வேண்டும். சட்டப்படி தந்தாயிற்று, எங்களுக்கு உபயோகம் இல்லை.

அதனால்: நோயாளர் பட்டியல், வருகைகள், மருந்து, லாப் இலக்கங்கள் எக்செலில் அட்டவணையாகத் திறக்கக்கூடிய தனித்தனிச் சி.எஸ்.வி. கோப்பாக, ஸ்கேன் படங்கள் நோயாளர் இலக்கத்தைப் பெயராகக் கொண்டு. காசு கட்ட முன் பொய் நோயாளர் சிலரைப் பதிந்துவிட்டு "இப்போது எடுத்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். எக்செலில் திறந்து பாருங்கள். தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாக வந்தால் அதையும் அங்கேயே சொல்லுங்கள்.

காசுப் பக்கமும் ஒன்று. பார்க்கிற காசையும் மருந்துக் காசையும் நோயாளியிடம் ஒன்றாக வாங்கினாலும் உள்ளே பிரித்துப் பதியுங்கள். இல்லாவிட்டால் எந்த மருந்தில் நட்டம் போகிறதென்று ஒருநாளும் தெரியாது, கணக்காளரும் வருடக் கடைசியில் உங்களைத்தான் பிடிப்பார். போனில் ஸ்கேன் பண்ணிக் கட்டுகிற லங்கா கியூ.ஆரில் வருகிற காசு வேறு வரியில் வந்தால் இரவு கல்லா எண்ணும்போது சண்டை இல்லை.

---

தகவலியல்_எம்ஓ

பேக்கப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2023 ஓகஸ்டில் அரசாங்கக் கிளவுட்டை, கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரன்சம்வெயார் தாக்கியபோது மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போயின, ஏறத்தாழ 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகம் உட்பட. அந்தக் காலத்து மின்னஞ்சல்களுக்கு வேறிடத்தில் எடுத்து வைத்த பிரதி இல்லை. கிளவுட்டில் இருப்பதால் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மூன்று பிரதி, இரண்டு வகையான இடம், ஒன்று கட்டடத்துக்கு வெளியே. வெளியே வைப்பதை இரவு கழற்றி எடுத்துப்போக வேண்டும், கொழுவியே கிடந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். எடுத்துப்போகிற டிஸ்க் என்க்ரிப்ட் பண்ணியதாக இருக்கட்டும், ஓட்டோவில் விட்டாலும் யாரும் வாசிக்கக்கூடாது. சில மாதத்துக்கு ஒரு தடவை வேறொரு கொம்பியூட்டரில் திருப்பி ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

---

வெல்லம்பிட்டி_சந்தி

இலவச சொஃப்ட்வெயார் இருக்கென்கிறார்களே, நோயாளர் பதிவுக்கு ஓபன்எம்.ஆர்.எஸ். என்று?

---

தகவலியல்_எம்ஓ

இருக்கிறது, 2004இலிருந்து. இங்கே மொறட்டுவ கம்பஸ் பெடியன்கள் கன பேர் அதில் வேலை செய்திருக்கிறார்கள். இலவசம் என்பது உரிமத்துக்கு, நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். ஒரு ஆஸ்பத்திரிக்கு அது பெறுமதி, தனி டொக்டருக்குப் பாரம். ஆனால் உள்ளூரில் ஆள் இல்லாமல் இல்லை. கொழும்பில் பட்ட மேற்படிப்பு மருத்துவ நிறுவனத்தில் 2009இலிருந்து உயிர்மருத்துவத் தகவலியல் முதுமாணி நடக்கிறது. 2020 சனவரியில் கோவிட்டுக்காக டி.எச்.ஐ.எஸ்.2 என்ற இலவச சுகாதாரத் தரவு சொஃப்ட்வெயாரில் பயணிகளைப் பதிகிற அமைப்பை இங்கேதான் முதலில் கட்டினார்கள், பிறகு மற்ற நாடுகள் எடுத்தன. "எங்களால் ஏலாது" என்ற கதை எனக்குப் பிடிப்பதில்லை.

---

மருதானை_நானா

வட்ஸ்அப்ப பத்தி ஒண்டு. ரிப்போர்ட் எல்லாம் வாசல்ல இருக்கிற பிள்ளைட சொந்தப் போனுக்கு வருது. பிள்ளை வேலைய விட்டுட்டுப் போனா போனும் போகும், ஊர்ட ரிப்போர்ட்டும் போகும். டிஸ்பென்சரிக்கு வேற போன், வேற சிம் வாங்குங்க, ராவைக்கு லாச்சில பூட்டிட்டுப் போங்க.

---

தெமட்டகொடை_மனேஜர்

நானா சொன்னது சட்டமும்தான். 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையில் வைத்திருக்கிறது. சின்ன டிஸ்பென்சரி செய்யவேண்டியது: ஆளுக்கொரு லொகின், திரையில் ஒட்டிய பாஸ்வேர்டைக் கிழிப்பது, எழுதிய குறிப்பை அழிக்க ஏலாமல் திருத்த மட்டும் ஏலுமாக வைப்பது, யார் எப்போது திருத்தினார் என்ற தடம். வாசல் திரையை வரிசைக்கு முதுகு காட்டித் திருப்புங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன டெஸ்டுக்கு வந்தாள் என்று தெரு முழுக்கத் தெரிகிற ஊர் எங்களுடையது.

---

பம்பலப்பிட்டி_அம்மா

இப்போது டொக்டர் பேசுவதைக் கேட்டு ஏ.ஐ. தானே குறிப்பு எழுதுமாமே. மகன் சிட்னியிலிருந்து சொன்னான்.

---

வெள்ளவத்தை_ஜீபி

என்ர ஒரு நோயாளி தமிழில தொடங்கி, வலியை சிங்களத்தில சொல்லி, மருந்தின்ர பேரை இங்கிலீசில சொல்லுவார். இடையில மனுசி வேற திருத்துவா. அது எழுதுறதை நான் திருப்பி வாசிச்சுத் திருத்திற நேரத்துக்கு மூண்டு வரி நானே எழுதிடுவன். ஒலிப்பதிவு எங்க போகுது எண்ட கேள்வி வேற. இப்போதைக்கு வேண்டாம் அம்மா.

---

கொட்டாஞ்சேனை_டொக்டர்

எல்லோருக்கும் நன்றி. இப்படி முடிவெடுத்திருக்கிறேன்.

அக்காவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்து அலர்ஜிப் பட்டியல் எழுதுகிறோம், அது இந்தக் கிழமையே. பிறகு வாசல் மேசையும் மருந்து மேசையும் ஒன்றாக. எம்.ஓ. சொன்ன அடையாளம் இல்லாமல் சேர் சொன்ன மருந்துக் கணக்கு நிற்காது என்பது விளங்கிவிட்டது, ஆனால் என் மேசைக்கு இந்த வருடம் திரை வராது. லேபல் மூன்று மொழியிலும் வந்தால்தான் காசு. மாதக் கட்டணக்காரரிடம் சி.எஸ்.வி. கேட்டேன், "மேலே கேட்டுச் சொல்கிறோம்" என்றார். ஒருமுறைக் காசுக்காரர் என் அடையாள அட்டையைப் போட்டுக் காட்டினார், ஒரு நாள் பிந்திய பிறந்தநாள் வந்தது. திருத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

நானா, லேபல் பிரிண்டர் வாங்கும்போது வேறென்ன பார்க்க வேண்டும்?

---

மருதானை_நானா

ரோல் ஈசியாக் கிடைக்கிற அளவா பாருங்க மிஸ், பிரிண்டர் மலிவா வாங்கிட்டு ரோலுக்கு அலையிற ஆக்கள் இரிக்காங்க. இந்தத் தேர்மல் எழுத்து சூட்டுல, வெயில்ல மங்கும். ஜன்னல் பக்கம் உறைய வெச்சா ஒண்டும் தெரியாமப் போயிடும். ரெண்டு மூணு மாசத்துக்குக் குடுக்கிற சுகர் மருந்து, பிரஷர் மருந்துக்கு மட்டும் லேபலுக்கு மேல அகலமான செலோடேப் ஒட்டலாம் எண்டு சிலர் சொல்லுவாங்க. செய்யாதீங்க, சில டேப்ல இருக்கிற பசை அந்த எழுத்த இன்னும் கெதியா அழிச்சிடும். அதுக்கு மட்டும் பேனையாலயே எழுதுங்க.